பாட்டிமையில் வெள்ளாறு

தைப்பூசத்துக்கு மறுநாள். விடிகாலை ஐந்து மணி. சிதம்பரத்தில் நண்பன் வீட்டு வாசலில், காரின் தலைமேல் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கயாக்கை ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். படகு பதினான்கு அடி, கார் அதைவிடக் கொஞ்சம்தான் நீளம். பார்ப்பதற்கு எலிமேல் பிள்ளையார் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோலம் போட வெளியே வந்த அவன் அம்மா, கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னிக்கு என்ன திதின்னு பார்த்தீங்களாடா?”

“பௌர்ணமி நேத்தே முடிஞ்சிருச்சும்மா.”

“முடிஞ்சா அடுத்தது என்ன வரும்? பாட்டிமைதானே வரும். பாட்டிமையில எவனாவது ஆத்துல எறங்குவானா?”

பிரதமையைத்தான் பாட்டிமை என்கிறார். நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள், வெளியூர்ப் பயணம் கிளம்பமாட்டார்கள். நாங்கள் சிரித்தோம். அந்தத் தேதியை நாங்கள் தேர்ந்தெடுத்ததே திதி பார்த்துத்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் அதிகமாக ஏறும். அந்த ஏற்றம் உச்சத்துக்கு வருவது அன்றைக்கே இல்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து. அதாவது பாட்டிமை, துவிதியை. ஆறு நிறைந்து கிடக்கும், துடுப்பைத் தொடாமலே தண்ணீர் மேலே இழுத்துக்கொண்டு போகும், அப்புறம் அதே தண்ணீர் திரும்பக் கொண்டுவந்து விடும் என்பது எங்கள் கணக்கு. கணக்கில் பாதி சரி.

நண்பனின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். அண்ணாமலை நகரில் ஒரே விடுதி அறையில் நான்கு வருடம் இருந்தோம். அன்றிலிருந்து அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. முறைப்படி இது எப்படி சாத்தியம் என்று அவன் மனைவி ஒருமுறை கேட்டதற்கு இரண்டு பேருக்குமே பதில் தெரியவில்லை. நான் சென்னையில் இருக்கிறேன். அவன் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டான். படகு அவனுடையது. பாண்டிச்சேரியில் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது பாதி விலைக்குக் கொடுத்தது. இரண்டு பேர் உட்காரும் ரகம். உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகை இல்லை, பலகைமேல் உட்காருவதுபோல மேலேயே உட்கார வேண்டும். தரையில் நான்கு ஓட்டைகள். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைக் காட்டி, “சார், ஓட்டையா இருக்கே” என்பார்கள். மேலே விழும் தண்ணீர் வடிவதற்கான ஓட்டை அது. படகு உள்ளே காற்று அடைத்த பெட்டி மாதிரி என்பதால் மூழ்காது. இதை அன்று காலை பரங்கிப்பேட்டையில் மட்டும் ஐந்து பேருக்கு விளக்கினோம். ஐந்து பேரும் நம்பவில்லை.

முந்தின நாள் முழுக்க அந்தப் பக்கத்துப் பேருந்துகள் எல்லாம் வடலூருக்கு ஜோதி தரிசனக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. மறுநாள் சாலை ஊர் திரும்பியவர்களின் தூக்கத்தில் இருந்தது. பி.முட்லூரில் ஒரு டீ. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை.

பரங்கிப்பேட்டைக்குப் பெயர்கள் அதிகம். போர்த்துக்கீசியர் வந்து போர்ட்டோ நோவோ என்றார்கள், அவர்களைப் பரங்கியர் என்று அழைத்த நம்மவர்கள் பரங்கிப்பேட்டை என்றார்கள், இடையில் மஹ்மூது பந்தர் என்றும் ஒரு பெயர் ஓடியது. 1781இல் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்த சண்டை இந்த ஊர்ப் பெயரில்தான் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத்தாதைக் கொண்டுவந்து கரியில் உருக்க இங்கே ஓர் ஆலை போட்டார். ரயில் இல்லாத காலம், தாது வந்ததெல்லாம் படகில். இதெல்லாம் இன்று தேடினால் கண்ணில் படாது. ஆற்றங்கரையில் நின்றால் கண்ணில் படுவது மீன்பிடிப் படகுகளும், வலைகளும், எங்கள் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும்தான். படிக்கிற காலத்தில் பைக்கில் நாலைந்து முறை வந்திருக்கிறோம். கரையில் நின்று டீ குடித்துவிட்டுப் போனதோடு சரி. தண்ணீரில் கால் வைத்ததில்லை.

ஏழேகாலுக்கு இறங்கினோம். ஆறு, கரையிலிருந்த படியின் கடைசிக்கு மேல் இரண்டாம் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. படகை அப்படியே வழுக்கிவிட்டு, ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தால் வேலை முடிந்தது. இந்த இரண்டாம் கல்லை நான் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளாறு சேலத்துப் பக்கத்து மலைகளில் பிறந்து, வசிஷ்ட நதி, சுவேத நதி என்று இரண்டாக வந்து சேர்ந்து ஓடுகிற ஆறு. சுவேதம் என்றாலும் வெள்ளை, வெள்ளாறு என்றாலும் வெள்ளை. பெயரில்தான் வெள்ளை. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கீழே மழைக்காலம் போக மற்ற மாதங்களில் இது நாம் நினைக்கிற ஆறே இல்லை. மேலேயிருந்து வருகிற தண்ணீர் சொற்பம். கீழேயிருந்து கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே வந்துவிட்டுப் போகும். ஆறு ஓடுகிறது என்று சொல்வதைவிட மூச்சு விடுகிறது என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் ஓதம் என்று படித்தோம். இங்கே மீன்பிடிக்கிறவர்கள் ஏத்தம், வத்தம் என்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. சொல்லிலேயே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று இருக்கிறது.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரத்துக்கும் இருபத்தைந்து நிமிடத்துக்கும் பக்கம். அதனால் இன்று காலை எட்டரைக்கு வந்த ஏற்றம் நாளை ஒன்பதேகாலைத் தாண்டி வரும். நிலா தினம் ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிற அதே கணக்கு. தினசரி காலண்டரில் திதியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அலைநேர அட்டவணை தனியாக வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரியாது, அதனால் செல்போனில் ஒரு செயலி வைத்திருந்தோம். அதில் பரங்கிப்பேட்டை இல்லை. பக்கத்துத் துறைமுகத்தின் நேரத்தை வைத்துக் குத்துமதிப்பாக, முகத்துவாரத்தில் காலை ஒன்பது மணிக்கு உச்சம் என்று வைத்துக்கொண்டோம்.

முன்னால் அவன், பின்னால் நான். இரட்டைக் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம் போட வேண்டும், பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் தாளம் தைப்பூசக் காவடி மாதிரி. திடீரென்று நாலு அடி வேகமாக, அப்புறம் ஒரு கொக்கைப் பார்த்து நின்றுவிடுவான், அப்புறம் மறுபடி. என் துடுப்பு அவன் துடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது. முதல் அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் ஆறு எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தபோதும் கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடல் பக்கம் முதுகு, மேற்கே முகம். ஆற்றுக்கு எதிரே போகிறோம், ஆனால் ஆற்றோடு போகிறோம். காவிரிப் பக்கம் வளர்ந்த எனக்கு இது கொஞ்ச நேரம் மண்டைக்குள் ஏறவே இல்லை. ஆறு என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்று சிறுவயதிலேயே உடம்பில் பதிந்துபோயிருக்கிறது. இங்கே ஒரு தென்னை மட்டை எங்கள் பக்கத்திலேயே மேற்கு நோக்கி மிதந்து வந்தது, மலையைப் பார்க்கப் போகிறதுபோல. இருபது நிமிடம் கூடவே வந்தது.

தென்கரையில் கண்டல் என்கிற சதுப்புநில மரங்கள் நீருக்குள் இடுப்பளவு நின்றன. கிளை நுனியில் ஒரு மீன்கொத்தி, தலை கறுப்பு, மார்பில் செங்காவி. மடவை மீன்கள் அங்கங்கே துள்ளி, விழும்போது கைதட்டுவதுபோல ஒரு சத்தம். நான் கையை விட்டு ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்த்தேன். உப்பு. இன்னும் கொஞ்சம் மேலே போய் மறுபடி. அங்கேயும் உப்பு, ஆனால் குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்கிற அளவுக்கு. உப்புநீர் கனம், அது அடியில் வரும். நல்லநீர் மேலே மிதக்கும். மார்கழி வரை மழை பெய்திருந்ததால் மேலே இன்னும் கொஞ்சம் மழைத்தண்ணீர் மிச்சம் இருந்திருக்கும். “மாப்ள, என்னடா பண்ற, ஊரு சாக்கடையெல்லாம் இதுலதான்டா” என்று திரும்பாமலே சொன்னான். அத்தோடு சுவை பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ரயில் பாலத்துக்கு வந்தபோது ஒன்பதே முக்கால் இருக்கும். பரங்கிப்பேட்டை நிலையத்துக்கும் கிள்ளை நிலையத்துக்கும் நடுவே வெள்ளாற்றைக் கடக்கிற பாலம். இங்கே வந்து நிற்க வேண்டும் என்பது அவன் திட்டம். காரணத்தை வழியில் சொல்லவில்லை. ஒரு தூணின் நிழலில் படகை நிறுத்தினோம். கயிறு கட்ட வேண்டியிருக்கவில்லை. ஏற்றம் முடிந்து வற்றம் ஆரம்பிக்கும் நடுப்பொழுது, ஆறு அப்படியே குளம்போலக் கிடந்தது. முகத்துவாரத்தில் உச்சம் வந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இங்கே வந்து நிற்கிறது. நம் ஊருக்கு மந்திரி வருகிற மாதிரி, கடற்கரையில் அறிவித்த நேரத்துக்கு உள்ளூரில் எதிர்பார்க்கக் கூடாது.

டிபன் பாக்ஸைத் திறந்தோம். இட்லி, கொத்சு. சிதம்பரத்துக் கொத்சுவைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பேசிப் பயனில்லை. கத்திரிக்காயைச் சுட்டு மசித்துப் புளியும் மல்லிப்பொடியும் போட்டது என்று சொன்னால் ‘ஓ, சாம்பார் மாதிரியா’ என்பார்கள். அவன் அம்மா பாட்டிமை கோபத்தில் காரம் கொஞ்சம் கூட்டியிருந்தார். முன்னால் இருந்த அவன் திரும்ப முடியாது, திரும்பினால் படகு சாயும். அதனால் டப்பாவைத் தோளுக்குமேல் நீட்டுவான், நான் எடுத்துக்கொண்டு திருப்பி அவன் தோளில் வைப்பேன்.

அப்போதுதான் சொன்னான். அவன் அப்பா ரயில்வேயில் கேங்மேன். அது எனக்குத் தெரியும், விடுதிக்கு அவர் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ரிடையர் ஆகும் வரை மீட்டர் கேஜ் பாதையிலேயே வேலை பார்த்தவர். இந்தப் பாதை அகலப்பாதையாகி 2010இல் ரயில் ஓட ஆரம்பித்தபோது வேடிக்கை பார்க்க மட்டும் போனார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்குத் தெரியாதது, அவர் கொஞ்ச காலம் இந்தப் பாலம் இருந்த பகுதியில் இரவு ரோந்து பார்த்திருக்கிறார் என்பது. மழைக்காலத்தில் கையில் விளக்கோடு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பாலத்தைக் கடக்க வேண்டும்.

“இருட்டுல கீழ ஒண்ணும் தெரியாதாம்டா. ஆனா தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு சத்தத்துலயே தெரியும்பாரு. ஏத்தம்னா ஒரு சத்தம், வத்தம்னா ஒரு சத்தம். அது எப்படிப்பா தெரியும்னு நான் கேட்டதே இல்ல. எதையோ சொல்றாருன்னு விட்டுட்டேன்.”

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் ஆரஞ்சு முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவனும் என்னைப் பார்க்க முடியாது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இதை அவன் சொல்லியிருக்கமாட்டான், நானும் ஏதாவது ஜோக் அடித்துக் கெடுத்திருப்பேன். அப்பா இறந்தபோது வந்திருந்தேன். பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஐஸ் பெட்டி வாடகை பற்றித்தான் பேசினோம்.

சத்தம் கேட்கிறதா என்று இருவரும் சும்மா இருந்தோம். எந்தச் சத்தமும் இல்லை. தூணைச் சுற்றித் தண்ணீர் எண்ணெய் மாதிரி நின்றது. ஒரு இலை தூணில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பத்து நிமிடம் இருக்கும். ஒரு பாசஞ்சர் ரயில் தலைக்குமேல் தடதடத்துப் போனது. அது போன பிறகு அமைதி இன்னும் கனமானது. பிறகு அந்த இலை மெதுவாகத் தூணை விட்டுக் கிழக்கே நகர்ந்தது. அதற்கும் கொஞ்சம் பிறகுதான் கேட்டது. சோடா பாட்டிலைத் திறந்து வைத்தால் வருமே, அந்த மாதிரி மெல்லிய ஒரு கொப்புளச் சத்தம், தூணின் கீழ்ப்பக்கத்திலிருந்து. நேரம் ஆக ஆக அது சலசலப்பானது.

“இது வத்தம்” என்றான்.

ஏற்றத்தின் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்னும் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இட்லி இல்லை.

இதோடு நேராகத் திரும்பி வந்திருந்தால் இது ஒரு நல்ல பயணம். ஆற்றோடு சும்மா வந்தாலே பன்னிரண்டுக்குள் கரை சேர்ந்திருக்கலாம். பதினொரு மணி வாக்கில் தென்கரையில் ஒரு வாய்க்கால் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் கண்டல், மேலே கிளைகள் கூரை போட்டிருந்தன. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிற பிச்சாவரம் காட்டின் வடக்கு ஓரம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் நுழைந்தது வெளி ஓரத்தில் மீன்பிடிக்கிறவர்கள் போய்வருகிற வாய்க்கால். “இருபது நிமிஷம், எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்” என்றது யார் என்பதில் இன்று வரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் இல்லை.

உள்ளே அழகு. அதை மறைக்க விரும்பவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து இலைகளின் அடிப்பக்கத்தில் ஆடியது. சுரபுன்னையின் வேர்கள் வில்லாக வளைந்து இறங்கியிருந்தன, அந்த வேர்களில் தண்ணீர் காலையில் நின்ற உயரத்துக்கு ஓர் ஈரக்கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு சாண் காய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தேன், ஒரு சாண்தானே என்று நினைத்தேன்.

தப்பு அங்கேதான். ஒரு வற்றத்துக்கு ஆறு மணி நேரம், அதில் தண்ணீர் ஒரே சீராக இறங்காது. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. நாங்கள் உள்ளே நுழைந்தது இரண்டாம் மணியில். ஆறு மரியாதையாக நடந்துகொள்கிற நேரம். இந்தக் கணக்கை நான் முன்பே படித்திருக்கிறேன். அன்று காலை காரில் இவனுக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் ஏற்றவற்றம் சின்னது. பௌர்ணமியிலும் ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, அதோடு ஒப்பிட்டால் இது பாத்திரத்தில் தண்ணீர் தளும்புவது மாதிரி. அதனால் நாம் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீரில் ஒரு விரல் குறைந்தால் எவ்வளவு இடம் காய்ந்துவிடும் என்று பாருங்கள். இந்த வாய்க்கால்கள் எல்லாம் தாம்பாளம்.

பன்னிரண்டு மணிக்குப் படகின் அடியில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. துடுப்பை ஊன்றித் தள்ளினால் துடுப்பு முழம் ஆழத்துக்குச் சேற்றில் இறங்கியது, படகு அசையவில்லை. சரி, இறங்கித் தள்ளலாம் என்று இவன் இறங்கினான். முழங்காலுக்கு மேல் உள்ளே போய்விட்டான். காலை இழுத்தால் செருப்பு வரவில்லை. செருப்பைத் தேடிக் கையை விட்டால் கை கிழிந்தது. ஆளி. கடல்சிப்பி கொத்துக்கொத்தாகச் சேற்றுக்குள் ஒட்டிக் கிடக்கும், ஓரமெல்லாம் பிளேடு. ஐந்து நிமிடத்தில் இவன் பாதத்திலும் ஒரு வெட்டு. சேற்றுக் கறுப்பில் ரத்தம் தெரியவே இல்லை, எரிச்சலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

எங்களைச் சுற்றித் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கண்ணெதிரே சேறு வெளியே வந்தது. வந்தவுடன் அதில் நூறு நூறு துளைகள், துளைக்கொரு நண்டு, ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு. விரல் நீள மீன் ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வந்து, துடுப்பு மாதிரி செட்டையை ஊன்றி எங்கள் படகுப் பக்கம் நடந்து வந்தது. மீன் நடக்கிறது, நாங்கள் நடக்க முடியாமல் நிற்கிறோம். வெயில் உச்சியில். குடிதண்ணீர் அரை பாட்டில். அடுத்த ஏற்றம் வந்து படகைத் தூக்க இன்னும் ஏழு மணி நேரத்துக்குமேல் ஆகும் என்று கணக்கு வந்தது. அம்மாவின் பாட்டிமையை இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம், இருவரும் சொல்லவில்லை.

வாய்க்காலின் வளைவில் தண்ணீர் மிச்சமிருந்த இடத்தில் ஒரு தலை தெரிந்தது. முதலில் ஏதோ பானை மிதக்கிறது என்று நினைத்தேன். ஒரு அக்கா. கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து வருகிறார். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருக்கிறார், பறி மோவாய்க்குக் கீழே தொங்குகிறது. இரண்டு கையும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே வருகிறது. கைக்கு இறால் தட்டுப்பட்டதும் பிடித்துப் பறிக்குள் போடுகிறார். வலை இல்லை, தூண்டில் இல்லை. பிச்சாவரத்தைச் சுற்றி இருக்கிற இருளர்கள் இப்படித்தான் இறால் பிடிக்கிறார்கள் என்று படித்ததுண்டு. படித்ததற்கும் அந்தக் கைகளைப் பார்த்ததற்கும் சம்பந்தமில்லை. விரல்கள் எல்லாம் ஆளி கீறி ஆறிய வெள்ளைக் கோடுகள். நாங்கள் ஒரு கீறலுக்கு டெட்டால் தேடிக்கொண்டிருந்தோம்.

எங்களைப் பார்த்ததும் கயிற்றை வாயிலிருந்து எடுத்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“சிதம்பரங்க்கா.”

“சிதம்பரத்துக்காரங்களா? வத்தம் வுட்டு எம்மா நேரமாவுது, இப்பப் போயி உள்ள வந்துருக்கீங்க. பருவத்துத் தண்ணி வேற. ஏறுனா எப்பிடி ஏறுச்சோ அப்பிடியே எறங்கும்ல?”

பருவம் என்று அவர் சொன்னது பௌர்ணமியை. எங்கள் கணக்கில் விட்டுப்போன பாதி இதுதான். பௌர்ணமியை ஒட்டி ஆறு அதிகமாக நிறையும் என்று தேதி பார்த்து வந்த நாங்கள், அதே காரணத்துக்காக அதிகமாகக் காலியாகும் என்பதை யோசிக்கவில்லை. ஏற்றத்தை மட்டும் எங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டோம்.

அக்கா கரைப்பக்கம் கையைக் காட்டினார். நடுவில் கால் வைக்காதே, வேர் ஓரமாக வா, அங்கே தரை இறுக்கம். சரிதான், வேர்களுக்குள் சேறு பிடிபட்டுக் கெட்டியாக இருந்தது, கணுக்காலுக்கு மேல் இறங்கவில்லை. அவர் முன்னால், நாங்கள் படகின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால். ஓரிடத்தில் வழுக்கி இவன் பக்கத்துக் கிளையைப் பிடிக்கப் போனான்.

“அத்தத் தொடாத தம்பி! தில்லை அது. பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிடும்.”

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மரத்தையே பார்த்தான். சாதாரண மரம். பளபளப்பான சின்ன இலைகள், சிலது சிவந்து பழுத்திருந்தன. தில்லைவனம், தில்லை நடராசர், தில்லையம்பலம், தில்லைக் காளி என்று நாள் முழுக்கச் சொல்லும் ஊரில் நாற்பத்தி நான்கு வருடம் இருந்தவன், தில்லை மரத்தை முதல் தடவையாக அங்கேதான் பார்த்தான். நானும்தான். ஆனால் எனக்கு அது அவமானம் இல்லை.

ஆழமான வளைவு வரை கொண்டுவந்து விட அக்காவுக்கு ஒரு மணி நேரம் போயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எவ்வளவு இறால் பிடித்திருப்பார் என்று யோசித்து, பணம் எடுத்துக் கொடுக்கப் போனால், செல்போனும் பர்ஸும் காற்றுப் புகாத பையில் சேறாகக் கிடந்தன. ஈர நோட்டு இரண்டை நீட்டினேன். “அதை வெச்சு நான் எங்க போயி செலவழிக்க, தண்ணிக்குள்ள?” என்று சிரித்தார். பிறகு வாங்கிப் பறியில் இறாலோடு போட்டுக்கொண்டார். கயிற்றை மறுபடி கடித்துக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு தலை மட்டும்தான் தெரிந்தது.

பெரிய ஆற்றுக்கு வந்தால் கடல்காற்று எழுந்துவிட்டிருந்தது. வற்றம் கிழக்கே போகிறது, காற்று கிழக்கிலிருந்து வருகிறது. இரண்டும் முட்டினால் தண்ணீர் குத்துக்குத்தாக எழும்பும். காலையில் கண்ணாடியாக இருந்த இடத்தில் ஒவ்வொரு அலையும் முன்னால் இருந்தவன் மடியில் வந்து உட்கார்ந்தது. ஆச்சரியம், இப்போது எங்கள் தாளம் சேர்ந்துவிட்டது. பேச்சே இல்லை. இவன் துடுப்பு இறங்கும்போது என் துடுப்பும் இறங்கியது. களைப்பில் வித்தியாசமாக எதையும் செய்ய இருவருக்கும் தெம்பில்லை.

மூன்று மணிக்கு இறங்கிய இடத்துக்கு வந்தோம். படிக்கட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காலையில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டாம் கல், எங்கள் தலை உயரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. நிஜத்தில் முக்கால் மீட்டர் இருக்கும். அதற்கும் எங்களுக்கும் நடுவே வீட்டுமனை அளவுக்குச் சேறு. காலையில் ஓட்டையைக் காட்டிக் கேட்டவர்களில் இரண்டு பேர் அங்கேயே வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து முன்முனையைப் பிடித்துக்கொண்டார். “ஓட்டைல தண்ணி வந்துச்சா?” என்றார். இல்லை, தண்ணீரே இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் படகையும் எங்களையும் சேர்த்துக் கழுவினோம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து மகன் பாதத்தில் வைத்துக் கட்டினார். எங்களைப் பார்த்தாலே தெரிகிறதே, சொல்ல என்ன இருக்கிறது. டெட்டனஸ் ஊசிக்கு மறுநாள் போனான்.

இரவு சாப்பிட்டுவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு புரட்டினான். அரைநிலா நாட்களில் சூரியனும் நிலாவும் வேறுவேறு பக்கம் இழுப்பதால் கடல் குறைவாக ஏறும், குறைவாக இறங்கும், ஓட்டமும் சாது. அதாவது அஷ்டமியும் நவமியும். எதையும் தொடங்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒதுக்கி வைத்திருக்கும் அந்த இரண்டு நாளும்தான் எங்களை மாதிரிக் கற்றுக்குட்டிகள் கழிமுகத்தில் படகு விடப் பொருத்தமான நாள். ஒரு தேதியில் பென்சிலால் வட்டம் போட்டான்.

“அடுத்த வாரம் இதே நேரம் வா மாப்ள. ஏத்தம் எப்படிச் சத்தம் போடுதுன்னு கேக்கணும்.”

அம்மா கைகழுவிவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டரை எட்டிப் பார்த்தார்.

“அஷ்டமியிலயா?” என்றார்.